கோதைநாயகி வரும் கனவு

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர், எங்கள் பள்ளியில் தையல் பயிற்றுவித்த ஆசிரியை சகாயமேரி. கேட்டவாறே எழுதுகிறேன், எதையும் கூட்டவில்லை.

ஆற்றங்கரை மடம் ஒன்றின் தலைவியாக விளங்கிய செங்கமலத்தம்மையார் பிறவியிலேயே பார்வையற்றவர். அவருடைய சீடர் பூவராகனோ அவரைவிட வயதில் மூத்தவர். மனைவி கோதைநாயகி இறந்தபின் மடத்துக்கு வந்து சேர்ந்தவர்.

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து பூவராகன் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டார். பார்வையற்றவர்களுக்குக் கனவு வருமா? வரும் என்றார் அம்மையார். அதில் என்ன தெரியும்? காட்சி என்று ஒன்றும் தெரியாது என்றார். பூவராகன் அத்துடன் விட்டிருக்கலாம்; விடவில்லை. அம்மையார் துளசித் தீர்த்தம் கொடுக்கையில் கேட்டார்; பாடத்தின் நடுவில் கேட்டார்; எல்லாரும் அமர்ந்து கீரை ஆய்கையிலும் கேட்டார்.

“அப்படியானால் கனவு முழுவதும் இருட்டாக இருக்குமா, அம்மா?”

“இருட்டு எப்படி இருக்கும்? முதலில் அதை எனக்குச் சொல்லுங்கள்.”

மறுநாள், கீரை ஆயும் வேளையில், பூவராகன் வேறு வழியாக வந்தார். முந்தைய இரவு என்ன கனவு வந்தது என்று கேட்டார். அம்மையார் சலிப்புடன் கூறினார். அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்ததாம். அந்த வாடைக்கு எழுந்து ஓடினாராம். தரை ஈரமாய்ச் சில்லென்று இருந்ததாம். வழியில் தூணில் நெற்றியை இடித்துக்கொண்டாராம்.

“கனவிலுமா இடித்துக்கொண்டீர்கள்?”

“கனவு என்பதற்காகத் தூணை நகர்த்தி வைப்பார்களா?”

மற்றச் சீடர்கள் சிரித்தனர். பூவராகன் சிரிக்கவில்லை. அந்தக் கனவில் யாரேனும் வந்தால், முகம் தெரியாமல் இன்னார் என்று எப்படி அறிவது என்று மீண்டும் தொடங்கினார்.

அம்மையார் கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார்.

“ஐயா, உங்களுக்கு வேண்டியது என் கனவன்று. எதற்காக என் உயிரை எடுக்கிறீர்கள்?”

அப்போதுதான் செய்தி வெளிவந்தது. பூவராகனின் இரு கண்களும் மங்கிவந்தன. இனி மீளாது என்று கண் வைத்தியர் கைவிரித்துவிட்டார். கோதைநாயகி இப்போது வருவது கனவில் மட்டுமே. கண் போனால் அந்த வரவும் நின்றுவிடுமோ என்பதே அவருடைய அச்சம்.

“இதைச் சொல்ல ஒரு மழைக்காலமா?” என்றார் அம்மையார். பிறகு, அந்த அம்மாள் கடைசியாக எப்போது வந்தார் என்று கேட்டார்.

போன வெள்ளிக்கிழமை. கனவில் பூவராகன் உண்டுகொண்டிருந்தார். இந்த வயதில் இவ்வளவு ஊறுகாயா என்று அவள் கடிந்துகொண்டாளாம்.

“என்ன நிறப் புடவை?”

“கவனிக்கவில்லை, அம்மா.”

“மூக்குத்தி அணிந்திருந்தாரா?”

“எனக்குப் பின்னால் நின்றாள். நான் திரும்பவில்லை.”

“முகத்தையே பார்க்கவில்லை. வேறு யாரோ வந்து ஏசிவிட்டுப் போயிருக்கலாம்.”

பூவராகனுக்குக் கோபம் வந்துவிட்டது. மடத்துக்கு வந்தபின் முதன்முறையாகக் குருவிடம் குரலை உயர்த்தினார்.

“அவளோடு குடும்பம் நடத்தியவன் நான். அவள் பின்னால் வந்து நின்றால் என் முதுகுக்குத் தெரியாதா?”

அம்மையார் கீரையை மீண்டும் கையில் எடுத்தார்.

“அந்த முதுகைக் கண் வைத்தியரிடம் காட்டினீர்களா?”