ஏரிக்குள் மாப்பிள்ளை

மூணு நாட்டுக்கும் பொதுவாக ஒரு ஏரி. ஆளாளுக்கு மீனையும் மணலையும் அள்ளி அதைப் பாதியாக்கியதும், மூணு அரசாங்கமும் கூடி ஒப்பந்தம் போட்டன: "ஏரியிலிருந்து எதையும் வெளியே எடுக்கக் கூடாது. எடுப்பதானால் மூணு நாடும் கையெழுத்துப் போட வேண்டும்." நல்ல யோசனைதான். காவலுக்குத்தான் அசட்டுத்தனத்துக்குப் பேர்போன ஓணான்பட்டிக்காரர்களைப் போட்டுத் தொலைத்தார்கள்!

காவலாளி குப்பாண்டிக்கு அன்று கல்யாணம். பத்து மணிக்கு முகூர்த்தம். ஆனாலும் கடமை தவறாத பிள்ளை. ஏரிக் கொக்கில் ஒன்றுகூடக் குறையவில்லையே என்று பட்டு வேட்டியோடு எண்ண வந்தவன் வழுக்கி ஏரிக்குள் விழுந்தான். கால் ஊன்ற இடம் கிடைத்ததால் பிழைத்தான்.

"கையைக் குடுங்கண்ணே!"

காவல் தலைவர் தாண்டவராயன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இப்ப நீ எங்கடா இருக்க?"

"ஏரியிலண்ணே."

"அப்புறம் எப்படிடா வெளிய எடுக்கறது?"

குப்பாண்டி யோசித்தான். "நியாயந்தாண்ணே. நானே ஏறி வந்துட்டா?"

"ஏரிச் சொத்து தானா நடந்து போச்சுன்னா, காவலாளி தூங்கிட்டான்னுதான அர்த்தம்?"

"காவலாளியே நான்தாண்ணே."

"அது இன்னும் மோசம்டா!"

கையெழுத்து வாங்க மூணு நாட்டுக்கும் ஆள் ஓடியது. அதற்குள் பெண் வீட்டார் மேளத்தோடு கரைக்கே வந்துவிட்டார்கள். "பத்து மணிக்குத் தாலி ஏறலேன்னா பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடுவேன்!" என்று கத்தினார் பெண்ணின் அப்பா.

பாவம், குப்பாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது. "பூவாயி, என்னை மறந்துடு!"

மணப்பெண் பூவாயி மூக்கைச் சிந்தினாள். "வெளிய எடுக்கத்தான கூடாது? உள்ள இறங்கக் கூடாதுன்னு போடலையே!" என்று தொபுக்கடீரென்று குதித்தாள். பின்னாலேயே புரோகிதர், நாதஸ்வரம், தவில், சொந்தபந்தம், சாம்பார் அண்டா எல்லாம் இறங்கின. அக்கினிச் சட்டியைப் பெண்ணின் அப்பா தலையில் சுமந்து நிற்க, சரியாகப் பத்துக்குத் தாலி ஏறியது. எனக்கே கண் கலங்கிப் போச்சு, போங்க!

சாயங்காலம் மூணு நாட்டு அதிகாரிகளும் வந்து, தலையில் அடித்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டார்கள். எல்லாரும் கரையேறினார்கள்.

ஏறியதும் குப்பாண்டி குனிந்து தன்னைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே! இவ்வளவு நேரம் தண்ணி என் நெஞ்சு வரைக்கும் இருந்துச்சு. இப்ப கணுக்காலுக்குக்கூட இல்லையே!"

"எனக்கும் இடுப்பு வரைக்கும் இருந்துச்சே!" என்றார் புரோகிதர்.

"ஐயையோ, ஏரி களவு போயிடுச்சு!" என்று அலறினார் தாண்டவராயன்.

கரையேறிய அத்தனை பேரும் திரும்பக் குதித்தார்கள். குப்பாண்டி நெஞ்சைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "திரும்பி வந்துடுச்சுண்ணே!"

"அப்படியே நில்லுங்க, ஒருத்தரும் ஏறாதீங்க!" என்ற தாண்டவராயன் அதிகாரிகள் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "ஐயா, உங்க உங்க நாட்டுப் பங்கும் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க" என்று மூணு பேரையும் ஒரே தள்ளாக ஏரிக்குள் தள்ளிவிட்டார்.