அடிக்குச்சி எந்தக் கையில்?

"கையை மாத்திக்கவா டீச்சர்?" என்று கேட்டாள் ஜெயசீலி.

அல்லி வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். சூடு ஏறினால்தான் தோல் விறைக்கும். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பறை எதுவும் பிராது குடுத்துச்சா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப யாரு குடுத்தா?"

"முத்தழகு."

"அவர எங்க அடிச்சீங்க?"

"முழங்கையில. இன்னைக்கு மட்டும் மூணு தடவ."

அல்லி சிரித்துவிட்டாள். ஜெயசீலி சிரிக்கவில்லை.

ஆசிரியைக்கு வயது இருபத்தேழு. மாணவிக்கு நாற்பத்தாறு. ஞானம் வேண்டுகிறவர்கள் வழக்கமாகத் தாடியைத் தேடிப் போவார்கள். ஜெயசீலி ஞானம் வேண்டிப் போகவில்லை. பறை கற்கப் போனாள்.

வகுப்பு சந்தைக் கொட்டகையில். சந்தை செவ்வாய்க்கிழமை மட்டும்தான். ஞாயிறு காலையில் அங்கே வெங்காயச் சருகும் பத்து மாணவர்களும்தான் இருப்பார்கள்.

பறைக்குக் குச்சி இரண்டு. நீளமாக, மெலிதாக இருப்பது சிம்புக்குச்சி. அது இடக்கைக்கு. குட்டையாக, தடிமனாக இருப்பது அடிக்குச்சி. அது வலக்கைக்கு. பறை இடது தோளில் தொங்கும். ஒன்பது பேருக்கு இப்படித்தான்.

முதல் நாள் குச்சிகளைக் கையில் கொடுத்தபோது ஜெயசீலி யோசிக்கவே இல்லை. அடிக்குச்சி இடக்கைக்குப் போயிற்று. பறை வலது தோளில் ஏறிக்கொண்டது. முதல் அடியே கொட்டகையின் தகரத்தில் போய் முட்டித் திரும்பியது.

அல்லி பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் இது ஒரு கெட்ட பழக்கம். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்ல மாட்டாள்.

வந்தது தொல்லை. வரிசையில் நெருக்கமாக நின்று அடிக்க வேண்டும். எல்லோருடைய வலக்கையும் வலப்பக்கம் வீசும். ஜெயசீலியின் கை மட்டும் இடப்பக்கம் வீசும். இடப்பக்கம் நின்றவர் முத்தழகு.

முத்தழகு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். நல்ல மனிதர். தைலம் தடவிய கையோடு வந்து சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. பொங்கலுக்கு மறுநாள் மைதானத்துல ஆடப்போறோம். ஊரே சுத்தி நிக்கும். நீங்க ஒரு ஆளு கையை மாத்திக்கிட்டா வரிசை அழகா இருக்கும். இல்லாட்டி..."

"இல்லாட்டி?"

"இந்தத் தடவ நீங்க உக்காந்து பாக்கலாம்."

பொங்கலுக்கு மூன்று வாரம் இருந்தது.

ஜெயசீலி தையல்காரி. கடையில் இருக்கிற கத்தரி வலக்கைக்காரர்களுக்காகச் செய்தது. இடக்கையில் பிடித்தால் துணியை மெல்லுமே ஒழிய வெட்டாது. ஆகவே வலக்கையில் வெட்டப் பழகினாள். அதற்கும் முன்னால், பள்ளியில் அடி ஸ்கேலால் இடக்கை விரல்களில் வாங்கி வாங்கி, வலக்கையில் எழுதப் பழகினாள். சோறு வலக்கையால். சிலுவை போடுவது வலக்கையால். யாருக்கு எதை நீட்டினாலும் வலக்கையால். மறந்துபோய் மற்றதை நீட்டினால், "பீச்சாங்கையால குடுக்காத" என்று பத்து வயசுப் பிள்ளைகூடச் சொல்லும்.

அவள் அதற்கெல்லாம் வருத்தப்பட்டதில்லை. ஊரோடு ஒத்துப்போவது அவளுக்குக் கைவந்திருந்தது. இந்த ஒன்றில்தான் மனசு முரண்டு பிடித்தது.

ஆனாலும் மாற்றினாள். பகலில் கடைக்கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு, அடிக்குச்சியை வலக்கையில் பிடித்து, ஒரு வாரம் முழுக்க அடித்தாள். எண்ணிக்கை பிசகவில்லை. கையெழுத்தைத் திருத்தியவளுக்கு இது என்ன பெரிய காரியம்.

அடுத்த ஞாயிறு அல்லியின் முன்னால் அடித்துக் காட்டினாள்.

அல்லி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அடித்து முடித்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

"யாரு அடிச்சா?"

"நான்தான் டீச்சர்."

"நீங்களா? ஜெயசீலியக்கா வந்தா சொல்லுங்க. நான் அவங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்."

ஜெயசீலிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"வெளையாடாதீங்க டீச்சர். எழுதுறத, சாப்புடுறத, வெட்டுறத, எல்லாத்தையும் சோத்தாங்கைக்கு எழுதிக் குடுத்துட்டேன். இது ஒண்ணுதான் அந்தக் கை தானா ஓடிப் போயி எடுத்தது. அதையும் விட்டுர்றேன்னு வந்து நிக்கிறேன். நீங்க கிண்டல் பண்றீங்க."

அல்லி பறையைத் தரையில் வைத்தாள்.

"எங்கப்பா எழவு வீட்டுல அடிச்சவரு. அடிச்சு முடிச்சுத் தண்ணி கேட்டா, செம்பைக் கையில குடுக்க மாட்டாங்க. உசரத் தூக்கி ஊத்துவாங்க. அவரு ரெண்டு கையையும் குவிச்சுக் குடிப்பாரு. நான் பக்கத்துல நிப்பேன்."

அல்லி தன் இரண்டு கையையும் குவித்துக் காட்டினாள்.

"அதுல சோத்தாங்கை எது, பீச்சாங்கை எதுன்னு யாருமே கேட்டதில்லக்கா."

இவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு வைக்கோல் எடுக்கப் போய்விட்டாள்.

ஜெயசீலி அடிக்குச்சியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள்.

மாற்றிக்கொண்டது சரி. நிற்பது எங்கே?

"இடது ஓரத்துல நிக்கிறேன் டீச்சர். அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டாங்கல்ல?"

"நின்னு பாருங்க."

நின்றாள். முதல் மூன்று சுற்று அருமையாகப் போயிற்று. முத்தழகுகூடத் தலையை ஆட்டி ரசித்தார். நாலாவது சுற்றில் வரிசை அப்படியே திரும்பி முதுகு காட்ட வேண்டும். திரும்பினார்கள். யாரும் இல்லாத பக்கம் மறுபக்கமாகிவிட்டது. ஜெயசீலியின் அடி பக்கத்துப் பெண்ணின் குச்சியைத் தட்டிவிட, அது சந்தைக்காரர்கள் தராசு மாட்டும் கொக்கியில் போய் இடித்து விழுந்தது.

"எனக்கு எடம் எங்க டீச்சர்?"

"தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எத்தன நாளைக்கு?"

"நீங்க நாப்பத்தாறு வருசம் பொறுத்தீங்க. எனக்கு ரெண்டு வாரம் குடுங்க."

அல்லிக்கு அதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருந்தது. அது ஜெயசீலி அல்ல. மற்ற ஒன்பது பேர்.

அல்லி அவர்களைப் பார்த்து நின்று அடித்துக் காட்டினால் எல்லாம் தலைகீழாகப் போகும். அவள் அடிக்குச்சியை ஓங்கினால் பாதிப் பேர் சிம்புக்குச்சியை ஓங்குவார்கள். அவள் வலது காலை வைத்தால் இவர்கள் இடது காலை வைப்பார்கள். அவள் வலப்பக்கமாகத் திரும்பினால் முத்தழகு, ஒரு தடவை தவறாமல், இடப்பக்கமாகத் திரும்புவார். திரும்பிப் பக்கத்து ஆளோடு மூக்கும் மூக்கும் முட்டி நிற்பார்.

"எதிர்ல நிக்கிறவங்களப் பாத்தா கண்ணாடி பாக்குற மாதிரியே வருது டீச்சர்" என்பார் பாவமாக.

ஆகவே அல்லி முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொல்லிக்கொடுப்பாள். பின்னால் யார் தப்புச் செய்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. சத்தத்தை வைத்து, "முத்தழகு, வலது" என்று கத்துவாள். பத்தில் ஒன்பது முறை முத்தழகாகத்தான் இருக்கும்.

இந்தக் கூத்தில் ஒரு விசயத்தை யாரும் கவனிக்கவில்லை. அல்லி எப்போதாவது மறந்துபோய் எதிரில் நின்று ஆடும்போது தடுமாறாத ஆள் ஒருத்திதான். அவள் தடுமாறாததை அவளே கவனிக்கவில்லை. தன் கை யார் மேலும் படக்கூடாதே என்கிற கவலையிலேயே நின்றாள்.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு வந்தது.

அன்று ஜெயசீலி சீக்கிரமே வந்தாள். இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவு எடுத்திருந்தாள். டீச்சர் வரிசையில் நிற்கச் சொன்னால் நிற்பது. இல்லையென்றால் பறையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவது. உட்கார்ந்து பார்க்க மட்டும் மாட்டாள். பாவாடை நாடாவிலிருந்து கல்யாணப் பெண்ணின் ரவிக்கை வரை ஊருக்குத் தைத்துக் கொடுத்து, அதை உடுத்திப் போகிறவர்களை உட்கார்ந்து பார்த்தது போதும் என்று இருந்தது.

வரிசை நின்றது. ஜெயசீலி முத்தழகுக்குப் பக்கத்தில், தன் பழைய இடத்தில் நின்றாள். முத்தழகு முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

அல்லி வரிசையின் முன்னால் நடந்து வந்தாள். ஜெயசீலியின் எதிரில் நின்றாள்.

"அக்கா, வரிசைய விட்டு வெளிய வாங்க."

ஜெயசீலி ஒருவர் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்தாள். தோளிலிருந்து பறையின் வாரைக் கழற்றினாள். அவசரத்தில் வார் காதில் மாட்டிக்கொண்டது.

"கழட்டாதீங்க."

"எதுக்கு டீச்சர்? அதான் சொல்லிட்டீங்களே."

"என்ன சொன்னேன்? வெளிய வாங்கன்னேன். வீட்டுக்குப் போங்கன்னா சொன்னேன்?"

அல்லி அவளைத் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். பத்தடி தள்ளி, தான் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிறுத்தினாள். வரிசையைப் பார்க்கும்படி திருப்பினாள்.

"இங்க நீங்கதான நிப்பீங்க?"

"இன்னைக்கு எனக்கு வரிசையில ஒரு எடம் காலியா இருக்கு."

அல்லி திரும்பிப் போய் முத்தழகுக்குப் பக்கத்தில் நின்றாள். பறையை இடது தோளில் மாட்டிக்கொண்டாள். முத்தழகு அவளையும் பார்த்தார், எதிரில் நிற்கிறவளையும் பார்த்தார்.

"அடிங்கக்கா" என்றாள் அல்லி.

"நான் அடிச்சா யாரு பாத்து அடிப்பா?"

"அடிங்க."

ஜெயசீலி இடக்கையை ஓங்கினாள்.

எதிரே பத்துக் கைகள் ஓங்கின.

அவள் அடித்தாள். பத்து அடிகள் ஒரே அடியாக விழுந்தன. அவள் இடது காலை முன்னால் வைத்தாள். பத்து வலது கால்கள் அதே பக்கமாக முன்னால் வந்தன. அவள் பயத்தில் வேகத்தைக் கூட்டினாள். அவர்களும் கூட்டினார்கள். ஒரு குச்சிகூட இன்னொன்றில் படவில்லை.

நாலாவது சுற்று வந்தது. அவள் இடப்பக்கமாகத் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றாள். இப்போது அவளால் யாரையும் பார்க்க முடியாது. கேட்க மட்டும்தான் முடியும். முதுகுக்குப் பின்னால் பத்துப் பறைகளும் ஒற்றைப் பறையாகக் கேட்டன. முத்தழகின் பிசகை அவள் காது தேடியது. அது கிடைக்கவில்லை.

திரும்பினாள். எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்துத்தான் நின்றார்கள். முத்தழகும்.

முத்தழகுக்கு வாயெல்லாம் பல். இத்தனை மாதத்தில் முதல்முறையாக அவர் மூக்கு யார் மூக்கிலும் முட்டவில்லை. அடியை நிறுத்தாமலே கத்தினார்.

"இப்பத்தான்க்கா பாக்கவே சரியா இருக்கு! எப்ப கையை மாத்துனீங்க?"

ஜெயசீலி குனிந்து பார்த்தாள்.

அதே கைதான். விரல் மூட்டுகளில் பழைய ஸ்கேல் தழும்பு இருக்கும் கை.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் வரிசையிலிருந்து அல்லியின் குரல் வந்தது.

"பேச்சு போதும் முத்தழகு. அக்கா கையைப் பாத்து அடிங்க."