பச்சை மை

அருணகிரி டாக்டருக்கு ஐம்பத்திரண்டு வயது. பாதி ஆயுளைக் காய்ச்சலுக்கும் சளிக்கும் மருந்து எழுதிக் கழித்துவிட்டு, இனி மைக்ராஸ்கோப்தான் கதி என்று பிடிவாதமாகத் திசுப் பரிசோதனை படிக்க வந்த மனுஷன். அவருடைய குரு மங்கையர்க்கரசி அவரைவிட வயதில் இளையவர். அதில் ரெண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

அன்று காலை அருணகிரியின் முகம் செத்துப்போயிருந்தது. விஷயம் இதுதான். ஓய்வுபெற்ற கண்டக்டர் சுடலைமுத்துவுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்று. ஊசி விட்டு எடுத்த துணுக்குகளைப் பார்த்து, சாது ரகம், அபாயம் குறைவு என்று எழுதியது அருணகிரிதான். கத்தி வைக்க வேண்டாம், கண்காணித்தால் போதும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். கண்டக்டரா கேட்பார்? அதை உள்ளே வைத்துக்கொண்டு தூங்க முடியாது என்று ஆபரேஷனே செய்துகொண்டார். இப்போது வெளியே எடுத்த சுரப்பியை வெட்டிப் பார்த்தால், ஒரு மூலையில் புற்றின் வீரியம் ஒரு படி கூடுதலாக இருந்தது.

"தப்பா எழுதிட்டேன், மேடம். இனி எந்தத் தைரியத்துல கையெழுத்துப் போடுறது?"

மங்கையர்க்கரசி அலமாரியைத் திறந்தார். பழைய ஊசித் துணுக்குகளின் ஸ்லைடுகளை எடுத்து, நம்பரை மறைத்து, வேறு சிலருடையதோடு கலந்து நீட்டினார். அருணகிரி ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னார். கண்டக்டருடையதற்கு மறுபடியும் அதே முடிவுதான்.

"ஊசி அந்த மூலைக்குப் போகலை. போகாத இடத்தை நீங்க எப்படிப் பார்ப்பீங்க?" என்றார் மங்கையர்க்கரசி. "சரி, மை எப்படி இருக்கு?"

அருணகிரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெட்டுவதற்கு முன் சுரப்பியின் வெளிப்புறம் முழுக்கப் பச்சை மை பூசுவது வழக்கம். புற்று அந்த மையைத் தொட்டிருந்தால் உடம்புக்குள் மிச்சம் தங்கியிருக்கலாம். காலையிலிருந்து அந்த ஒரு மூலையையே வெறித்துக்கொண்டிருந்தவர் மை பூசிய ஓரத்தைப் பார்க்கவே மறந்துபோனார்.

உட்கார்ந்து நிதானமாக ஒவ்வொரு துண்டாகப் பார்த்தார். எதிலும் புற்று மையைத் தொடவில்லை. அவருக்கு அப்பாடா என்றிருந்தது.

மத்தியானம் சுடலைமுத்து மூத்திரப் பையும் கையுமாக லேப் ஜன்னலண்டை வந்து நின்றார்.

"மிச்சம் ஏதும் கெடக்கா, சார்?"

அருணகிரி ஒன்றையும் மறைக்கவில்லை. ஊசி காட்டியதைவிடப் புற்றின் வீரியம் ஒரு படி கூடுதல் என்றார். ஆனால் எடுத்ததன் ஓரம் சுத்தம், ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் தவறாமல் வரவேண்டும் என்றார். ஓரம் சுத்தந்தானே என்று கண்டக்டர் இன்னொரு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு. பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார் அருணகிரி.

"ஒரு வார்த்தைகூட என்னைத் திட்டலையே, மேடம்."

"அவர் தன் உடம்பைப் பத்திக் கேக்க வந்தார், டாக்டர். உங்களைப் பத்தி இல்லை."