ஆயிரத்தோடு நின்றவர்

வீட்டுக் கிணற்று ராட்டினத்தின் கீச்சொலி. அரிட்டர் அதைக் கடைசியாகக் கேட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அன்று விடியலில் அவர் மனைவி கொல்லையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லாமல் அவர் வாசலைக் கடந்து மலையடிவாரத்துச் சமணப் பள்ளிக்குத் துறவியாக வந்துவிட்டார்.

பள்ளியின் ஆசிரியையைக் குரத்தி என்பார்கள். அரிட்டரைவிட வயதில் இளையவர்.

"மேல் குகைக்குப் போய்த் தனியே இருக்க அனுமதி வேண்டும், அம்மையே" என்றார் அரிட்டர்.

"இங்கே என்ன குறை?"

"பள்ளிக் கிணறும் அப்படியே கீச்சிடுகிறது."

"எண்ணெய் விடச் சொல்லவா?"

அரிட்டர் சிரிக்கவில்லை.

"எனக்கு இனி யாருமில்லை. என்னைப் பங்குபோட ஒருவரும் வரமாட்டார்கள்."

குரத்தி தரையில் மணலைப் பரப்பி ஓர் எண்ணை எழுதினார். பத்து லட்சத்துப் பதினெட்டாயிரத்து எண்பத்தொன்று.

"ஒன்றும் அந்த எண்ணும் தவிர, இதை மீதியில்லாமல் வகுக்க எதுவுமில்லை என்று காட்டுங்கள். பிறகு போகலாம்."

அரிட்டர் பள்ளியில் கணக்குச் சொல்லித் தருபவர். மணலில் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு: எதால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சியது. தனியாக நின்ற அந்த ஒன்று அவருக்குப் பிடித்திருந்தது. மேலே போகப் போக வேறு மீதிகள் வந்தன. மீதி இல்லாமல் ஒருமுறைகூட முடியவில்லை.

மணல் தூசியில் கண் சிவந்து குரத்தியிடம் வந்தார்.

"இதை உடைக்க யாருமில்லை, அம்மையே."

"எதுவரை பார்த்தீர்கள்?"

"ஆயிரம்வரை. சிறிய எண் வகுத்தால் பெரிய எண் ஈவாக வரும். இரண்டும் சமமாகும் இடத்தைத் தாண்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம். நம் எண் அதை ஒட்டித்தானே இருக்கிறது?"

"ஒட்டித்தான் இருக்கிறது. பிள்ளைகள் இப்படிச் சொன்னால் விடுவீர்களா?"

அரிட்டர் மீண்டும் மணலருகே உட்கார்ந்தார்.

"ஆயிரத்து ஒன்பதால் வகுத்துப் பாருங்கள்."

அரிட்டர் குனிந்து வகுத்தார். மீதி இல்லை. ஈவை எழுதப் போன விரல் பாதியில் நின்றது.

"ஈவு என்ன?"

"ஆயிரத்து ஒன்பது."

"அதை வகுத்தது?"

"அதே ஆயிரத்து ஒன்பது." அவர் குரல் இறங்கியது. "வேறு யாருமில்லை, அம்மையே."

வெளியே யாரோ தண்ணீர் இறைக்கத் தொடங்கினார்கள். அரிட்டர் கண்களை மூடிக்கொண்டார்.

"மேல் குகையில் கிணறு இல்லைதான்" என்றார் குரத்தி. "நீங்கள் இருப்பீர்களே."

சில நாள் கழித்து அரிட்டர் மலையேறிப் போனார். இம்முறையும் யாரிடமும் சொல்லவில்லை. மழைக்காலம் முடிந்ததும் மேல் குகையில் அவர் உடலைக் கண்டார்கள். இரண்டு காதுகளிலும் துணி அடைத்திருந்தது.