செண்பகராஜ் எழுதிய பேச்சு

செண்பகராஜ் ஐம்பத்தாறு வயதில் ஞானஸ்நானம் பெற்றார். அதற்கு முந்தின நாள் அவர் யூனிஸ் டீச்சரிடம் கேட்டது பெயரைப் பற்றித்தான்.

"அம்மன் பேர்ல வச்ச பேரு டீச்சர் இது. மாத்தணுமா?"

"செண்பகராஜ்னு கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பீங்களா?"

"பார்ப்பேன்."

"ஆண்டவருக்கு அது போதும், அண்ணாச்சி."

யூனிஸ் டீச்சர் அவரைவிடப் பதினாறு வயது இளையவர். அழகுநாச்சிபுரத்தின் கிழக்குக் கோடியில் இருந்த சின்ன ஜெபக்கூடத்தை நடத்திவந்தார். சாயங்காலத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பார். செண்பகராஜின் மனைவி பதினோரு மாதம் படுக்கையில் கிடந்தபோது, வாரத்தில் மூன்று நாள் வந்து அந்த அம்மாளுக்குத் தலை கழுவி, சிக்கெடுத்துப் பின்னிவிட்டுப் போனார். அத்தனை நாளில் ஒரு தடவைகூட வேதத்தைத் திறக்கவில்லை. மனைவி போன பிறகு செண்பகராஜ் தானாகவே ஜெபக்கூடத்து வாசலில் போய் நின்றார். "எனக்கும் கத்துக்கொடுங்க" என்றார். அவர் மதம் மாறிய கதை அவ்வளவுதான். பெங்களூரில் இருந்த மகன் போனில் சண்டை போட்டான். பிறகு போன் செய்வதையே நிறுத்திக்கொண்டான்.

செண்பகராஜுக்கு ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. அந்தக் கரிசல் சீமையில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அவருடைய ஆபீஸில் முப்பத்திரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். ஊரில் அதுபோல நாற்பது ஆபீஸ்கள். எல்லாவற்றுக்குமாக ஒரு முதலாளிகள் சங்கம். ஒன்பது வருடமாக அதன் செயலாளர் அவர்தான்.

வெளிநாட்டு லைட்டர் வந்து தொழிலைத் தின்றுகொண்டிருந்த நேரம் அது. பெட்டிக்கடையில் தீப்பெட்டி கேட்டால் லைட்டரை எடுத்து நீட்டினார்கள். அதற்குத் தடை கேட்டுத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் முன்னால் ஆர்ப்பாட்டம் என்று சங்கம் முடிவு செய்தது. செண்பகராஜ் பேச வேண்டும் என்பதும் முடிவானது.

சனிக்கிழமை காலையில் அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு டீச்சரிடம் வந்தார்.

"பேச்சு எழுதிட்டேன். ஆனா ஒரு சந்தேகம் உறுத்துது."

"சொல்லுங்க."

"அயலானும் நம்ம ஆளுதான்னு நீங்க சொல்லிக்கொடுத்தீங்க. அந்த லைட்டரையும் எங்கேயோ ஒரு தேசத்துல ஒரு ஏழைதான செய்யிறான்? அவன் சரக்கை வர விடாதேன்னு ஒரு கிறிஸ்தவன் மேடையேறிக் கேட்கலாமா?"

டீச்சர் அவருக்கு ஒரு பாயை விரித்துப் போட்டார்.

"யாருக்காகக் கேட்கப் போறீங்க, அண்ணாச்சி?"

"நாற்பது ஆபீஸ்ல வேலை செய்யிற பொம்பளைங்களுக்காக."

"அவங்கள்ல யாராவது இந்தப் பேச்சைக் கேட்டாச்சா?"

"திங்கக்கிழமை கேட்பாங்க. எல்லாரையும் வேன் வச்சுக் கூட்டிட்டுப் போறோம்."

டீச்சர் சமையலறைப் பக்கம் திரும்பினார். "இருளாயி, அரிசியை அப்புறம் களையலாம். இங்க வந்து உட்காருங்க."

இருளாயி ஜெபக்கூடத்தில் பெருக்கி, சமைக்கும் பெண். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் வேறொரு ஆபீஸில் குச்சி அடுக்கியவள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். டீச்சரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வாசிங்க" என்றார்.

செண்பகராஜுக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். நல்ல பேச்சு அது. அவருக்கே அது தெரியும். ஓட்டு வாங்கிப் போனவர்கள் ஊரை மறந்ததைச் சொல்லியிருந்தார். வாசலைத் திறந்து வைத்துவிட்டு வீட்டைப் பறிகொடுக்கும் தேசத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார். கடைசியில் இந்தக் காலத்து வாழ்க்கை. ஒரே வீட்டில் நாலு பேர் நாலு செல்போனைப் பார்க்கிறார்கள், அக்கம்பக்கத்தில் யார் செத்தாலும் தெரிவதில்லை, சாயங்காலமானால் அடுப்புப் பற்றவைக்காமல் குடும்பம் குடும்பமாகப் பரோட்டாக் கடையில் நிற்கிறார்கள் என்று முடித்திருந்தார்.

"நல்லாருக்கு முதலாளி" என்றாள் இருளாயி. "ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லு."

"அந்தப் பரோட்டாக் கடையில நானும் நின்னிருக்கேன். ஆபீஸ் விட்டு வீட்டுக்கு வர ஏழு மணியாயிரும். அப்புறம் விறகைத் தேடி, உலை வச்சு, என்னைக்குப் பிள்ளைக்குப் போடுறது?"

செண்பகராஜ் நோட்டைப் பார்த்தார்.

"இன்னொண்ணு. லைட்டர் வராத காலம் ஒண்ணு இருந்துச்சுல்ல? ராப்பகலா ஆபீஸ் ஓடுச்சு. லாரி வரிசை கட்டி நின்னுச்சு. அப்பவும் கூலியைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டோம்."

"அப்ப ஆபீஸ்காரங்க எங்களுக்குள்ளேயே போட்டி ஜாஸ்தி, கூட்ட முடியலை" என்றார் செண்பகராஜ்.

"ஆமா. எங்க முதலாளியும் இதையேதான் சொன்னாரு."

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரைக் குத்தியது. அவர் டீச்சரைப் பார்த்தார்.

"அப்ப தடை கேட்கக் கூடாதுங்கிறீங்களா, டீச்சர்?"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"பின்ன என்னதான் சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலையே. இருளாயிதான பேசினாங்க."

இருளாயி அரிசி களையப் போனாள். டீச்சர் எழுந்து அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கப் போனார். செண்பகராஜ் நோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

நேராகத் தன் ஆபீஸுக்குப் போனார். டீ குடிக்கும் நேரம். பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி எதிரே உட்கார்ந்தார்.

"லைட்டர் நின்னு போய், தொழில் நல்லா வந்தா உங்களுக்கு என்ன வேணும்? சொல்லுங்க."

ஒருத்தி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி, "நீங்க பார்த்துச் செய்யுங்க முதலாளி" என்றாள்.

அவர் எழுந்து நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டு, கீழே கிடந்த சாக்கில் உட்கார்ந்தார். முட்டி வலி அவருக்கு. உட்காரும்போது முனகல் வந்தது. அதைப் பார்த்து மாடத்தி என்ற பெண் சிரித்துவிட்டாள். முதலில் மனம் விட்டுப் பேசியதும் அவள்தான்.

"கக்கூஸுக்குக் கதவு வேணும், முதலாளி. நாலு மாசமாச் சொல்றோம், மேஸ்திரி உங்ககிட்டச் சொல்லலையா?"

அதற்குப் பிறகு அவரால் எழுதி மாளவில்லை. பேச்சு எழுதிய நோட்டிலேயே மிச்சப் பக்கங்களில் எழுதினார். சாயங்காலம் ஒரு வெள்ளைத் தாளில் சுருக்கமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆபீஸ் சுவரில் ஒட்டினார். லைட்டருக்குத் தடை வந்து வருமானம் ஏறினால் ஏறுவதில் பாதி வேலை செய்கிறவர்களுக்கு. தடை வந்தாலும் வராவிட்டாலும் ஆறு மணிக்கு மேல் வேலை கிடையாது. கதவு திங்கட்கிழமைக்குள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் அந்தத் தாளின் நகலை எல்லோருக்கும் கொடுத்தார்.

"நாமளும் இதுல கையெழுத்துப் போட்டுட்டுப் போய்த் தடை கேட்போம். கேட்கிறதுக்கு ஒரு நியாயம் இருக்கும்."

சங்கத் தலைவர் கோதண்டம் தாளை இரண்டு தடவை படித்தார். கெட்ட மனிதர் இல்லை. செண்பகராஜின் மனைவிக்கு ரத்தம் தேவைப்பட்டபோது இரண்டு பேரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தவர்.

"வெளியில இருந்து வர்றவனைத் தடுக்கக் கூப்பிட்டா நீரு வீட்டுச் சுவரை இடிக்கிறீரே ஓய்" என்றார்.

"சுவரை இடிக்கலை. உள்ள இருக்கிறவங்களுக்கு இடம் கேட்கிறேன்."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "சாமியை மாத்தினவரு. இப்ப சங்கத்தையும் மாத்தப் பார்க்கிறாரு."

சிலர் சிரித்தார்கள். கோதண்டம் சிரிக்கவில்லை. ஆனால் சிரித்தவர்களை அடக்கவும் இல்லை. அரை மணி நேரத்தில் செயலாளர் பதவி வேறொருவருக்குப் போனது. இனிமேல் சங்கம் வழியாக அவருக்குத் தீக்குச்சிக்கான மெழுகும் மருந்தும் கிடையாது என்றும் தீர்மானம் போட்டார்கள். எழுதிய பேச்சை மட்டும் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். செண்பகராஜ் அந்தப் பக்கங்களைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை அவர் ஆர்ப்பாட்டத்துக்குப் போனார். தடை வேண்டும் என்பதில் அவருக்கு இப்போதும் மாற்றமில்லை. கடைசி வரிசையில் நின்றுகொண்டார். வேன்களில் வந்த பெண்கள் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய ஆபீஸ் பெண்களுக்கு வேன் அனுப்பவில்லை. அவர்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள், முப்பத்திரண்டு பேரும். அவர்களுக்கு நடுவே யூனிஸ் டீச்சரும் இருளாயியும் இருந்தார்கள். டீச்சர் கோஷம் போடவில்லை, கொடி பிடிக்கவில்லை. ஒரு தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போய் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். செண்பகராஜ் ஒன்றரை வருடமாக அவரிடம் எவ்வளவோ பாடம் கேட்டிருக்கிறார். அன்றைக்குக் கேட்காமலே பார்த்துக்கொண்டு நின்றார்.

கோதண்டம் மேடையில் பேச்சை வாசித்தார். "எங்கள் பெண்களின் வாழ்வைக் காக்கவே நாங்கள் இங்கே கூடியிருக்கிறோம்" என்ற இடம் வந்தது. கைதட்டுவதற்காக நிறுத்தினார்.

அந்த இடைவெளியில் மாடத்தி எழுந்து நின்றாள்.

"எங்க ஆபீஸ் சுவர்ல ஒரு தாள் ஒட்டியிருக்கு. நீங்களும் அதுல கையெழுத்துப் போடுவீங்களா முதலாளி?"

எந்தத் தாள், என்ன தாள் என்று வேனில் வந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கேட்டார்கள். பதில் வரிசைகளுக்குள் பரவிக்கொண்டே போனது. கோதண்டம் தண்ணீர் குடித்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து வாசித்து முடித்தார். அதிகாரி ஒருவர் வெளியே வந்து மனுவை வாங்கிக்கொண்டு, மேலே அனுப்புவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கூட்டம் கலையும்போது சின்ன ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் செண்பகராஜின் பக்கத்தில் வந்து நின்றார்கள். "அண்ணாச்சி, அந்தத் தாள் இன்னும் கைவசம் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்கள். மற்றவர்கள் அவரைப் பார்க்காமலே வேனில் ஏறினார்கள். முப்பது வருடப் பழக்கம் அவர்களோடு.

செவ்வாய்க்கிழமை காலை அவர் ஜெபக்கூடத்துக்கு வந்தபோது டீச்சர் பாயை உதறி மடித்துக்கொண்டிருந்தார். செண்பகராஜ் தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கு அரசியலும் வேண்டாம், சங்கமும் வேண்டாம், டீச்சர். ஒன்பது வருசம் கூட இருந்தவன் ஒருத்தன்கூட முகம் பார்த்துப் பேசலை. மெழுகுக்கு இனி எங்க போவேன்னு தெரியலை. மகன் ஏற்கெனவே பேசுறதில்லை."

டீச்சர் பாயைச் சுவரோரம் வைத்தார்.

"ஆபீஸை மேஸ்திரி பார்த்துக்கிடட்டும். நான் இங்கேயே ஒரு மூலையில இருந்துக்கிறேன். கூடத்தைப் பெருக்குறேன், தண்ணி எடுத்து வைக்கிறேன். மிச்ச நாளுக்கு ஆண்டவரை ஆராதிச்சிக்கிட்டு அமைதியா இருந்துட்டுப் போறேன். இது தப்பா?"

"தப்பில்லை" என்றார் டீச்சர். பிறகு, "மணி என்ன, அண்ணாச்சி?" என்று கேட்டார்.

செண்பகராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டேகால்."

"உங்க ஆபீஸ்ல எத்தனை மணிக்கு வேலை ஆரம்பம்?"

"எட்டரைக்கு."

"அப்ப ஆராதனைக்கு நேரமாச்சு" என்றார் டீச்சர். "கிளம்புங்க."