நிலாவின் மேல் பழி

கூப்பிட்டு வந்தால் சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிடுவோம். கூப்பிடாமல் வந்தால் முகத்தைச் சுளித்து வெளியே கொட்டுவோம். அது என்ன?

மழை என்று சொல்லாதீர்கள். மழையைச் சோற்றில் பிசைய முடியாது. விருந்தாளி என்றும் சொல்லாதீர்கள். அது மரியாதை இல்லை.

விடை, புளிப்பு. உறை ஊற்றி அழைத்தால் தயிராக வரும். அழைக்காமல் வந்தால் பால் திரிந்துபோகும்.

ஒரு சமையலறைக்கு அது அழைக்காமலேயே வந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரி குணவதி காலையில் பாலைக் காய்ச்சி வைப்பாள். மத்தியானம் கைக்குழந்தைக்காக அதை மறுபடி சூடு பண்ணினால் பால் திரிந்துவிடும். குழந்தை பசியில் கத்தும்.

"எல்லாம் இந்தச் சட்டியாலதான்" என்றாள் குணவதி ஒருநாள். "இன்னும் ஒரு தடவை திரியட்டும். பாத்திரக்காரர்கிட்டப் போட்டுட்டு ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கிடறேன்."

பால்சட்டி அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. பாத்திரக்காரரின் வண்டியில் ஏறிய எந்தப் பாத்திரமும் அந்தத் தெருவுக்குப் பாத்திரமாகத் திரும்பி வந்ததில்லை. உருக்கிவிடுவார்கள்.

அந்தச் சமையலறைப் பாத்திரங்களுக்குள் ஒரு நல்ல வழக்கம் உண்டு. யாருக்காவது ஒரு சந்தேகம் வந்தால், அதை எப்படி ஆராய்ந்து பார்ப்பது என்று கதவின் பின்பக்கம் கோலமாவால் எழுத வேண்டும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கருத்துச் சொல்லலாம். திட்டம் பிடித்தவர்கள் தங்களிடம் இருப்பதில் கொஞ்சம் பொதுக் குண்டானில் ஊற்றுவார்கள். அதை வைத்து ஆய்வு நடக்கும். மூடி மறைப்பது எதுவும் கிடையாது.

பால்சட்டிக்கு இந்த வழக்கத்தில் முழு நம்பிக்கை. கதவின் பின்னால் போய் நிதானமாக எழுதியது.

"பால் ஏன் திரிகிறது? நல்ல பாலைப் பங்கிட்டு வைப்போம். ஒரு பங்கு என்னுள். ஒரு பங்கைக் கரண்டி கிண்டட்டும். ஒரு பங்கை மூடி மூடட்டும். ஒரு பங்கை யாரும் தொட வேண்டாம். மத்தியானம் எது திரிந்திருக்கிறது என்று பார்ப்போம்."

எல்லோரும் கூடிப் படித்தார்கள். பிரமாதம் என்றார்கள். பிறகு கருத்துச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

முதலில் கரண்டி வந்தது. நேராகத் தயிர்ச்சட்டியிலிருந்து எழுந்து வந்ததால் அதன் கழுத்தில் தயிர் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, அருமையான திட்டம். ஒரே ஒரு சின்னத் திருத்தம். 'கரண்டி'ங்கிறதை மட்டும் எடுத்துடுங்க. ஆய்வு நடத்தவே நான்தானே வந்து கிண்டணும்? கிண்டுறவனையே சந்தேகப்பட்டா வேலை எப்படி நடக்கும்?"

"நான் என் பேரையும்தான் எழுதியிருக்கேன், அண்ணே" என்றது பால்சட்டி.

"அதுதான் உங்க பெருந்தன்மை. அது அப்படியே இருக்கட்டும்."

குக்கர் விசிலடித்தது. குக்கர் எந்தக் கருத்துக்கும் விசிலடிக்கும். அதற்கு நேர்மாறான கருத்துக்கும் அடிக்கும்.

அடுத்து மூடி. "இந்த வீட்டு மானத்தையே நான்தான் மூடிக் காப்பாத்துறேன். என்னைப் போய்ச் சோதிக்கணுமா? வெளியில தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?"

கரண்டியின் பெயரோடு மூடியின் பெயரும் அழிந்தது.

"யாரும் தொடாத பங்கு எதுக்கு?" என்று கேட்டது தயிர்ச்சட்டி. "சும்மா இருக்கிற பாலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்க இங்க யாருக்கு நேரம் இருக்கு?"

அந்தப் பங்கும் போயிற்று. இப்போது கதவில் பால்சட்டியின் பெயர் மட்டும் தனியாக நின்றது.

"ரொம்பச் சின்னதா இருக்கே!" என்று அலறியது மிக்ஸி. அதற்கு மெதுவாகப் பேச வராது. "இப்படித் துக்கடா கேள்வி கேட்டா எவன் கொடுப்பான்? எல்லாத்தையும் ஒண்ணாப் போடு! ஒரு சுத்து சுத்து! பெரிசா வரட்டும்!"

"பெரிசோ சின்னதோ, யாரையாவது பிடிச்சாகணும்" என்றது இடுக்கி. "நம்மில் யாரைப் பிடிச்சாலும் மனஸ்தாபம். இங்க இல்லாத ஆளா ஒருத்தரைப் பாருங்க."

எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். பார்வை ஜன்னலுக்குப் போயிற்று.

கடைசியில் கதவில் இருந்த திட்டம் இதுதான்: "பாலைத் திரிய வைப்பது நிலா வெளிச்சமா?"

இதை யாரும் எதிர்க்கவில்லை. கருத்துச் சொல்ல நிலா வரவில்லை. வராததால் அதற்கும் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

பிறகு நன்கொடை குவிந்தது. ரசப் பாத்திரம் ரசம் கொடுத்தது. புளிக்கரைசல் வைத்திருந்த கிண்ணம் தாராளமாகச் சாய்ந்தது. தயிர்ச்சட்டி, எல்லோரும் பார்க்கும்படி குண்டானின் விளிம்பில் ஏறி நின்று ஊற்றியது.

"ஆய்வு பாலைப் பத்தித்தானே? பாலைத் தவிர மத்ததெல்லாம் வந்திருக்கே" என்றது பால்சட்டி.

"என்ன கொடுக்கிறோம்ங்கிறதா முக்கியம்? கொடுக்கிற மனசுதான் முக்கியம்" என்றது தயிர்ச்சட்டி. குக்கர் விசிலடித்தது.

அன்றிரவு குண்டானை ஜன்னலோரம் வைத்தார்கள். காலையில் கரண்டி உள்ளே இறங்கி, ஒரு கிண்டு கிண்டி, முகர்ந்து பார்த்துவிட்டு அறிவித்தது.

"நிரூபணம் ஆயிடுச்சு! நிலா வெளிச்சம் பட்டதெல்லாம் புளிச்சுக் கிடக்கு!"

சமையலறையே ஆரவாரம் செய்தது. முடிவைக் கதவில் பெரிதாக எழுதினார்கள். கீழே கொடையாளர்கள் பெயர்களையும் எழுதினார்கள். அவை முடிவைவிடப் பெரிதாக இருந்தன.

குணவதி கதவின் பின்பக்கம் பார்ப்பதில்லை. அன்று மத்தியானம் பால் மறுபடி திரிந்தது. அவள் சட்டியை எடுத்து, வெந்நீர் விட்டுச் சுத்தமாகத் தேய்த்து, வெயிலில் காய வைத்தாள். மறுநாள் காலையில் அதை வாசல் பக்கம் வைத்தாள்.

"பாத்திரக்காரர் சாயங்காலம்தான் வருவார்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குழந்தையைத் தூக்கினாள். அன்று அவள் வேறொரு சின்னக் கிண்ணத்தில் பால் காய்ச்சி, நேராக மூக்கு வைத்த சின்னப் பாலாடையில் ஊற்றிக் குழந்தைக்குப் புகட்டினாள். குழந்தை பாதியில் தூங்கிவிட்டது.

பாலாடை அந்த வீட்டுப் பாத்திரங்களில் குழந்தை. வேலைக்கு வந்து ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை. மிச்சப் பாலோடு அது மேடையில் இருந்தபோது, பால்சட்டி வாசலிலிருந்து உருண்டு வந்தது. கதவில் தன் முதல் திட்டத்தையே மறுபடி எழுதியது. கரண்டியின் பெயர் இருந்தது. தன் பெயரும் இருந்தது. யாரும் ஒரு சொட்டும் தரவில்லை.

பக்கத்திலேயே கரண்டி புதுத் திட்டம் எழுதியிருந்தது: "நிலாவை மறைக்க என்ன நிறத்தில் திரை?" அதற்குக் குண்டான் ஏற்கெனவே நிறைந்து வழிந்தது.

"நல்ல பால் இப்ப உன்கிட்ட மட்டும்தான் இருக்கு, கண்ணு" என்றது பால்சட்டி. "எனக்கு அது வேணும்."

"கொடுத்தா திரும்பக் கிடைக்குமா, அத்தை?"

"கிடைக்காது. என்ன ஆச்சுன்னு மட்டும் தெரியும்."

"நிஜமாவே உங்களாலதான் திரியுதுன்னு தெரிஞ்சா?"

"அப்போ சாயங்காலம் நானே வண்டியில ஏறிக்கிறேன்."

அதற்குள் கரண்டி வந்துவிட்டது. அப்போதும் தயிர்ச்சட்டியிலிருந்துதான் வந்தது.

"பாப்பா, இதுல யோசிக்க என்ன இருக்கு? தினமும் உனக்குப் பால் அள்ளி ஊத்துறது யாரு? இந்த மாமாதானே! என் திட்டத்துக்குக் கொடு. கதவுல உன் பேரை எல்லார் பேருக்கும் மேல எழுதச் சொல்றேன்."

"நீங்க கிண்டினா பால் கெடாதா, மாமா?"

"என்ன கேள்வி இது! நான் கிண்டிக் கெட்டதுன்னு இதுவரைக்கும் எந்த ஆய்வாவது சொல்லியிருக்கா?"

இல்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அது உண்மைதான்.

"குழந்தைகிட்டப் போய் நன்கொடை கேட்குறீங்களே" என்று மூடி வருத்தப்பட்டது. "யாருக்காவது ஒருத்தருக்குக் கொடுத்துட்டுப் போ, அம்மா. சண்டை வேண்டாம்."

பாலாடை இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வரச் சொன்னது. பாதிப் பாலைச் சட்டியில் ஊற்றியது. மீதிப் பாதியைக் கரண்டியின் குழியில் ஊற்றியது. மத்தியானம் குணவதி அடுப்படிக்கு வந்து எது திரிந்திருக்கிறது என்று பார்க்கும்வரை யாரும் நகரக்கூடாது என்று சொல்லிவிட்டு, இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது.