இடுப்புக்கு ஏறாத கொடம்

ஒரு ஊர்ல ஒரு தெரு. அந்தத் தெருவுக்கே ஒரே ஒரு கொழா. மொதல்ல காத்துதான் வரும், புஸ்ஸ்ஸ்னு. அப்புறம் தண்ணி வரும், கொடகொடன்னு. ம் சொல்லு கண்ணு. நீ தூங்கிட்டா நான் செவுத்துக்கா கதை சொல்றது?

ம். அந்தத் தெருவுல ஆவுடைன்னு ஒருத்தி. எதுத்த வீட்டுல சீனியம்மா. ஆவுடைக்குச் சீனியம்மான்னா உசுரு. மதினி, மதினின்னு வாய் ஓயாது. ஆனா கொழாயடிக்கு வந்துட்டா உசுராவது ஒண்ணாவது. எங் கொடம்தான் முந்தி, ஒங் கொடம் பிந்தின்னு ஒரே ரகளை. அதுக்கு ஒரு வழக்கமும் இருந்துச்சு. திட்டினவ யாரோ, அவ அடுத்த தடவ தண்ணி வரும்போது திட்டு வாங்கினவ கொடத்தத் தூக்கி அவ இடுப்புல வைக்கணும். மன்னிச்சுக்கோ கின்னிச்சுக்கோ ஒண்ணும் கெடையாது. தூக்கி வச்சாச்சுன்னா ராசியாயாச்சு.

அப்போ ஒருநா பெரிய சண்டை. டங்குனு ஒரு கொடம் நசுங்குச்சு. மூதேவின்னு ஒரு வார்த்தையும் விழுந்துச்சு. ஆவுடை வீட்டுக்கு வந்து, "மதினியப் போயி மூதேவின்னுட்டேனே"ன்னு சோறு எறங்காம கெடந்தா. சரி, அடுத்த தண்ணிக்குத் தூக்கி வச்சுருவோம்னு மனசத் தேத்திக்கிட்டா.

அடுத்த தண்ணி வர்றதுக்குள்ள என்னாச்சு தெரியுமா? வீட்டுக்கு வீடு கொழா வந்துருச்சு. தெருக்கொழாயப் பிடுங்கிட்டாங்க. அப்புறம் மோட்டார் வந்துச்சு, டுர்ர்ர்னு. அப்புறம் ஏசி வந்துச்சு, கதவெல்லாம் சாத்திக்கிச்சு. ஆவுடைக்கும் சுகமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக்கூடாது, இடுப்பு வலியே போச்சு. ஆனா இனி மதினி கொடத்த எங்க போயித் தூக்குறது? மதினி வெளியவும் வரல, பேசவும் இல்ல. கோவமா, இல்ல குளுகுளுன்னு இருக்கேன்னு உள்ளயே இருக்காளா? ஆவுடைக்கு ஒண்ணுமே வெளங்கல.

ம்?

அப்போ ஒருநா அவளே போயிக் கதவத் தட்டுனா. டொக் டொக். "மதினி, ஏ மதினி." உள்ள ஏசி ம்ம்ம்ம்னு ஓடுது. ஆளு வரல. காது கேக்கலையா, கேட்டும் வரலையா? குழம்பிப்போயித் திரும்பிட்டா.

அப்புறம் இன்னொரு நா போயி, கேட்டுல இருந்த மணிய அமுக்குனா. டிங் டாங். மணி பேசுது. "யாரு, ஆவுடை அத்தையா?" சீனியம்மா மகன் சரவணப்பெருமாள் கொரலு. அவன் பெங்களூர்லல்லா இருக்கான்? அவனுக்குப் போன்லயே வாசல் தெரியுமாம். "அம்மா உள்ளதான் இருப்பாங்க. என்ன விசயம் அத்தை, எங்கிட்டச் சொல்லுங்க." என்னன்னு சொல்லுவா? ஒங்கம்மா கொடத்தத் தூக்க வந்தேன்னு ஒரு பொட்டிகிட்டச் சொல்ல முடியுமா? "ஒண்ணுமில்லய்யா"ன்னுட்டு வந்துட்டா. வந்து அழுதா.

மூணாவது தடவ, அவ வீட்டுக் கொழாயிலயே ஒரு கொடம் புடிச்சா. தூக்கிட்டுப் போயி மதினி கேட்டு முன்னால ணங்குனு வச்சுட்டு நின்னா. ஏன் வச்சான்னு அவளுக்கே தெரியாது. போற வர்றவங்கல்லாம், "அக்கா, ஒங்க வீட்ல தண்ணி வரலையா?"ங்குறாங்க. வருதுங்குறா. அப்போ எதுக்கு இதுன்னு கேட்டா, கொடத்த இன்னும் கேட்டுப் பக்கமா நகத்தி வைக்குறா.

பெங்களூர்ல மகன் போன்ல பாத்துட்டான். அம்மாவுக்குப் போன் போட்டான். கிரீச்சுன்னு கதவு தொறந்துச்சு. சீனியம்மா வந்தா, குனிஞ்சு ஆவுடை கொடத்தத் தூக்கப் போனா.

ஆவுடை தடுத்துட்டா. "நீங்க ஏன் மதினி தூக்குறீங்க? திட்டினது நானு. ஒங்க கொடத்த நான்ல தூக்கணும்."

"நீயா திட்டுன? மூதேவின்னது நான்ட்டி. எந்த மொகத்த வச்சுக்கிட்டு வெளிய வர்றதுன்னு உள்ளயே கெடந்தேன்."

"இல்ல, நான்தான் சொன்னேன்."

"அப்போ என்னையப் பொய்க்காரிங்கியா?"

பிடிச்சுக்கிச்சு சண்டை. கொடம் சாஞ்சு தண்ணி சளார்னு கொட்டுச்சு. டப்பு டப்புன்னு கதவெல்லாம் தொறந்துச்சு. தெருவே வந்து நின்னுச்சு. இவதான்னான் ஒருத்தன், அவதான்னா ஒருத்தி. மணிக்குள்ள இருந்து, "அம்மா, என்ன சத்தம்?"னான் மகன். "நீ சும்மா இருடா"ன்னு ரெண்டு பேரும் சேந்து சொன்னாங்க.

யாரு திட்டினதுன்னா கேக்குற? எனக்கும் தெரியாது கண்ணு.

அப்புறம் சீனியம்மா வீட்டு அடுப்படிக் கொழாயில திரும்பவும் கொடத்த வச்சு, அது நெறையுற மட்டும் சண்ட போட்டாங்க. நெறஞ்சுச்சு. நான்தான் தூக்குவேன், நான்தான் தூக்குவேன்னு இருந்தவங்க ரெண்டு பேரும் கொடத்துக்குப் பக்கத்துல உக்காந்துட்டாங்க. வெளக்கு வைக்குற நேரமாச்சு. யாரும் தூக்கல. தூக்கிட்டா ஆவுடை அவ வீட்டுக்குப் போயிருவால்ல.

கதை இம்புட்டுத்தான். கண்ண மூடு.